அஞ்சுதெங்கு: கம்பெனிக் கோட்டையும் மீனவர் கோயிலும்

கேரளத்தின் கடைக்காவூரில் ரயிலை விட்டிறங்கி மேற்கே போனால் அஞ்சுதெங்கு. கிழக்கே காயல், மேற்கே கடல், இடையில் ஒரு கீற்று மணல். அதில் வீடுகள் சுவரோடு சுவர் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஊருக்கு நடுவே வெட்டுக்கல் கோட்டை ஒன்று, நான்கு மூலைக் கொத்தளங்களோடு. பெயர்தான் பெரிது, உள்ளே ஒரு சுற்று நடக்க அதிக நேரம் பிடிக்காது. பக்கத்துக் கலங்கரை விளக்கத்தில் ஏறினால் மொத்தக் கோட்டையும் முற்றமாகத் தெரியும். ஆங்கிலேயர் கல்லறைகளும் இங்குண்டு. மிகப் பழையது 1704ஆம் ஆண்டினுடையது.

ஆற்றிங்கல் ராணி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1684இல் இந்த இடத்தைக் கொடுத்தார். 1690களில் கோட்டை எழுந்தது. மிளகுதான் நோக்கம்; கோட்டைத் தலைவர் கிஃபோர்டும் அவருடைய ஆட்களும் அந்த வியாபாரத்தில் செய்த புரட்டும் அடாவடியும்தான் வினை. 1721 ஏப்ரலில் ராணிக்குப் பரிசுப்பொருள் கொண்டு சென்ற கிஃபோர்டையும் அவரோடு போன சுமார் 140 பேரையும் உள்ளூர்க்காரர்கள் ஆற்றிங்கலில் வெட்டிப்போட்டார்கள். பிறகு கோட்டையையே மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். உள்ளே மிஞ்சிய சிலரை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தவர் இன்ஸ் என்ற பீரங்கிக்காரர். தலச்சேரியிலிருந்து உதவி வந்த பிறகே முற்றுகை விலகியது. பிளாசிப் போருக்கு முப்பத்தாறு ஆண்டு முந்தைய சங்கதி இது. பாடப்புத்தகம் இதற்கு இன்னும் இரண்டு பக்கமாவது ஒதுக்கலாம்.

கம்பெனியின் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728இல் இங்கே பிறந்தார். 1744இல் பிறந்தவர் எலைசா டிரேப்பர். நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் உருகி உருகிக் கடிதம் எழுதியது இவருக்குத்தான். பிரெஞ்சுக்காரர் அபே ரெனால் தம் நூலில், எலைசா பிறந்த ஊர் என்பதைத் தவிர இந்த ஊருக்கு வேறு பெருமை இல்லை என்ற தொனியில் எழுதிவைத்தார். வந்தவர்களுக்கு ஊரில் இருந்தவர்கள் கண்ணில் படவில்லை.

இருந்தவர்களின் கதை கோயிலில் கிடைக்கும். ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துகீசியர் காலத்தில் கத்தோலிக்க வேதத்துக்கு வந்த கடற்கரை இது. புராட்டஸ்டண்ட் கம்பெனி கோட்டையில் கொடி ஏற்றியது. மீனவர்கள் புனித பத்ரோஸ் (பேதுரு) கோயிலில் பூசை கண்டார்கள். இந்தக் கோயில் கொச்சி மறைமாவட்டத்தின் பங்காக நெடுங்காலம் இருந்து, 1955இல்தான் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தோடு சேர்ந்தது. அரசாங்கக் கணக்கு அதைவிட விசித்திரம்: சுற்றிலும் திருவிதாங்கூர், நடுவில் இந்தத் துண்டு மட்டும் பிரிட்டிஷ் மண். ஒரு கட்டத்தில் இது நம் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி!

ஊரின் ஆங்கில வழக்குப் பெயரான ‘அஞ்செங்கோ’ என்பது கயிறு வியாபாரிகளுக்கு உயர்ந்த கயிற்று ரகத்தின் பெயர். காயலில் ஊறப்போட்ட மட்டையை அடித்து, நாரெடுத்து, நெருக்கி முறுக்கிய பெண்களின் கைவேலை அது.

திருச்சபை நாட்காட்டியில் பத்ரோஸ் திருநாள் ஜூன் 29; தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் சமயம். மீனவர்களுக்கு அது ஆபத்துக் காலமும்கூட. தெற்கே முதலப்பொழி முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டியும் மணல் மேடிடுவது நிற்கவில்லை. மழை மாதங்களில் அங்கே வள்ளங்கள் கவிழ்வதும் உயிர்கள் போவதும் ஆண்டுதோறும் செய்தி. மணலை அள்ளுங்கள் என்று மீனவர்கள் போராடும்போது பங்குத்தந்தைமாரும் கூடவே நிற்கிறார்கள்.