ஷாக் இறுக்கமா, இளக்கமா?

மூணு பேரு காசு சேர்த்துத்தான் அந்த ரிமோட் காரை வாங்கினோம். பழசு. நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சில்லும் இழுக்கும். பாறை ஏறவென்றே செய்த 'ரொக் க்ரோலர்'. ஹட்டன் பக்கம் பாறைக்கா பஞ்சம்? எங்க லயத்துக்குப் பின்னாலேயே, தேயிலை நட முடியாமல் விட்ட கல்லுமேடு இருக்கு.

முதலில் இருக்கிறதிலேயே இறுக்கமான ஸ்பிரிங்கைப் போட்டோம். மலை ஏற பலம் வேணும் என்ற நினைப்பு. ஓட்டோ ஓடுற மாமாவும் அதையேதான் சொன்னார். ரெண்டாவது கல்லிலேயே கார் மல்லாந்தது. திரும்ப விட்டோம், திரும்ப மல்லாந்தது.

குந்தி உட்கார்ந்து கிட்டப் பார்த்தபிறகுதான் விளங்கியது. ஒரு சில்லு கல்லில் ஏறும்போது ஷாக் அமுங்கணும். அமுங்காவிட்டால் முழு வண்டியும் சரியும், இன்னொரு சில்லு காத்தில் தொங்கும். க்ரோலர் பாய்ந்து ஓடுற வண்டி இல்லை, நடக்கிற வண்டி. நாலு காலும் தரையில் இருக்கணும்.

இளக்கமான ஸ்பிரிங்கை மாத்தினோம். காரைத் தரையில் வைத்தால் தன் பாரத்திலேயே ஷாக் மூன்றில் ஒரு பங்கு இறங்கணும் என்று கணக்கு வைத்தோம். அப்போதுதான் பள்ளம் வந்தால் சில்லு கீழே எட்டும். உள்ளே 30 வெயிட் சிலிக்கன் எண்ணெய். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளாமல் பிடிப்பது எண்ணெய். இந்த ரெண்டையும் நாங்க ஒன்றாய்க் குழப்பியிருந்தோம். ரொம்ப இளக்கினாலும் வினைதான், பக்கச் சரிவில் உடல் சாய்ந்து உருளும். அதற்கு பேட்டரியை முன்னுக்கும் கீழுக்கும் நகர்த்தினோம். கல்லு ஏறியது!

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னோம், "நீங்க சொன்னது பிழை மாமா."

"ஒங்க கார்ல யாருடா ஏறுறா?" என்றார்.

பதில் வரவில்லை. அவர் ஓட்டோவில் காலையில் ஸ்கூல் பிள்ளைகள், பகலில் மரக்கறி மூட்டை, சில இரவுகளில் வலி கண்ட பிள்ளைத்தாச்சி. மூணு பேருக்கான சீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவதில்லை. தோட்டத்து ரோட்டில் அவ்வளவு பாரத்தோடு இளக்கமான ஷாக் அடியில் தட்டும். அதனால் இறுக்கி வைத்திருக்கிறார். ஆளில்லாமல் திரும்பும்போது அதே ஷாக் அவரைத் தூக்கித் தூக்கிப் போடும். அவர் இடுப்பில் எப்போதும் தைல வாசம்.

பாரமும் பாதையும் பார்த்துத்தான் ஷாக். நாங்க அதை விளையாட்டில் படித்தோம், மாமா முதுகில்.