மின்னிஹாஹா திசை திரும்பிய இரவு

2022 செப்டம்பர் 4, லே சாப்ல் தொலோன்

பிரான்சின் அட்லான்டிக் கரையில் உள்ள இந்தத் துறைமுக ஊரிலிருந்து இன்று பதினாறு பாய்மரப் படகுகள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரே ஆள். நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் தென்பகுதி, ஹார்ன் முனை எல்லாவற்றையும் கடந்து, எங்கும் கரையேறாமல், ஏறத்தாழ 30,000 கடல் மைல் ஓடி, இதே துறைக்குத் திரும்பி வர வேண்டும். இதுதான் கோல்டன் குளோப் பந்தயம்.

தூரத்தைவிடக் கடுமையானவை விதிகள். படகு 32 முதல் 36 அடி நீளத்துக்குள் இருக்க வேண்டும்; 1988-க்கு முந்தைய வடிவமாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் கூடாது. மின்சாரத்தில் இயங்கும் தானியங்கிச் சுக்கானும் கூடாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட் கொண்டு அளந்து, காகித வரைபடத்தில் தன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டு கேட்க ஆசைப்பட்டால் கேசட்தான். ஆபத்துக்கென்று ஒரு ஜிபிஎஸ் முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும். தன் வசதிக்காக அதை உடைப்பவரும், பழுதுபார்க்க ஒருமுறை கரை சேர்பவரும் 'சிச்செஸ்டர்' என்ற தனிப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். இரண்டாம் முறை கரை சேர்ந்தால் பந்தயத்திலேயே இடமில்லை.

ஆனால் ஒவ்வொரு படகின் இருப்பிடத்தையும் செயற்கைக்கோள் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் கணினி முன்னால் அமர்ந்திருப்பவருக்கு எந்தப் படகு எங்கே என்று துல்லியமாகத் தெரியும். படகில் இருப்பவருக்கோ மேகம் விலகினால்தான் தெரியும்.

1968-ல் நடந்த முதல் பந்தயத்தில் ஒன்பது பேர் கிளம்பினார்கள், முடித்தவர் ஒருவர். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாட்களில் திரும்பினார். அவரைச் சுமந்துவந்த சுஹைலி, மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு.

செப்டம்பர், மூன்றாம் வாரம்

முதல் சில நாட்களிலேயே கனடாக்காரர் ஒருவர் விலகிவிட்டார். அமெரிக்கரான கை டிபோரின் படகு, கானரித் தீவுகளில் ஒன்றான ஃபுவெர்த்தெவெந்துராவின் பாறைகளில் மோதித் தரைதட்டி நின்றது. அவர் உயிர் தப்பினார். ஆஸ்திரேலியரான மார்க் சின்க்ளேர் லான்சரோட்டேயில் நிறுத்திக்கொண்டார். தென்கடலின் பக்கம்கூடப் போகாமலே மூன்று பேர் குறைந்துவிட்டார்கள்.

நவம்பர் தொடக்கம், கேப் டவுன்

அயர்லாந்தின் பேட் லாலஸும் பிரான்சின் தாமியேன் கியூவும் இங்கே விலகினார்கள். இருவரையும் வீழ்த்தியது ஒரே பொருள்: படகின் அமரத்தில், அதாவது பின்முனையில், பொருத்தப்பட்டிருக்கும் காற்றுச் சுக்கான்.

இந்தப் பந்தயத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கருவியைப் புரிந்துகொண்டால் போதும். காற்றில் நிற்கும் ஒரு பலகை, நீருக்குள் ஒரு துடுப்பு, இரண்டையும் இணைக்கும் சில கம்பிகளும் கயிறுகளும். படகு திசை பிசகினால் காற்று பலகையைச் சாய்க்கும். அந்தச் சாய்வு துடுப்பைத் திருப்பும். ஓடும் நீரின் விசையே சுக்கானை இழுத்துப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மாலுமி தூங்கும்போதும் சமைக்கும்போதும் கிழிந்த பாயைத் தைக்கும்போதும் படகை ஓட்டுவது அதுதான். அது போய்விட்டால் எட்டு மாதப் பயணத்தில் ஒவ்வொரு மணிநேரமும் சுக்கானைக் கையில் பிடித்திருக்க வேண்டும். எந்த உடம்பும் அதைத் தாங்காது. லாலஸின் படகில் கெட்டுப்போனது ஒரு பேரிங் மட்டுமே.

நவம்பர் 18, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்துக்குத் தென்கிழக்கே சுமார் 460 மைல் தொலைவில் ஃபின்லாந்துக்காரர் தாப்பியோ லெஹ்தினென் விழித்தபோது படகுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அவருடைய படகான அஸ்தேரியா பின்முனை வழியே அமிழ்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஐந்து நிமிடங்களில் முற்றிலும் மூழ்கிவிட்டது. குளிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு, அபாய சமிக்ஞையை இயக்கி, உயிர்காப்பு மிதவைக்குள் ஏற மட்டுமே நேரம் இருந்தது.

2018-ல் நடந்த முந்தைய பந்தயத்தில் கடைசியாக, 322 நாட்களில், ஐந்தாவது ஆளாக வந்தவர் இவர். அடிப்பாகம் முழுக்கக் கொட்டலசு என்ற ஓடுடைய கடலுயிர் ஒட்டி வேகம் செத்த நிலையிலும் விலகாமல் முடித்த மனிதர்.

சமிக்ஞை கரைக்கு எட்டியது. ஆனால் அந்தக் கடலில் மீட்புப் படகு எதுவும் காத்திருப்பதில்லை. அருகில் இருந்தது சுமார் 100 மைல் தள்ளி ஓடிக்கொண்டிருந்த இன்னொரு போட்டிப் படகுதான்: தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷாஃபருடைய மின்னிஹாஹா. செய்தி கிடைத்ததும் அவர் படகைத் திருப்பினார். மீட்புக்காக ஜிபிஎஸ் பெட்டியைத் திறக்கவும் எஞ்சினை இயக்கவும் அனுமதி கிடைத்தது. இரவு முழுக்கக் கையாலேயே சுக்கானைப் பிடித்து ஓட்டினார். இந்தியாவின் அபிலாஷ் டோமியிடமும் உதவிக்குத் தயாராக இருக்கச் சொல்லப்பட்டது.

நவம்பர் 19

பெரிய அலைகளுக்கு நடுவே ஒரு மிதவையைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. இருப்பிடம் கரையிலிருந்து சொல்லப்பட்டும், கிர்ஸ்டன் நெடுநேரம் தேட வேண்டியிருந்தது. கடைசியில், ஏறத்தாழ 24 மணிநேரம் மிதவையில் கழித்த லெஹ்தினெனை அவர் தன் படகில் ஏற்றிக்கொண்டார். அதே நாளில் தர்யா காயத்ரி என்ற சரக்குக் கப்பல் வந்து சேர, அவரைக் கப்பலுக்கு மாற்றி அனுப்பிவிட்டு, தனியாகத் தன் பாதைக்குத் திரும்பினார்.

பந்தயக் குழு கிர்ஸ்டனுக்கு 35 மணிநேரம் ஈடாகக் கொடுத்தது. செலவான எரிபொருளுக்கும் ஈடு கொடுத்தது.

டிசம்பர், ஹோபார்ட்டை நோக்கி

அபிலாஷ் டோமி இந்தக் கடலைக் கடப்பதை இந்தியாவில் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கடற்படை அதிகாரியாக இருந்த இவர், 2013-ல் உலகை எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றிவந்த முதல் இந்தியர். 2018 பந்தயத்தில், சுஹைலியின் மறுவார்ப்பாகக் கோவாவில் கட்டப்பட்ட துரியாவில் சென்றார். செப்டம்பர் 21 அன்று புயலில் படகு உருண்டது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்து நிற்க முடியாமல் படுக்கையிலேயே கிடந்தார்.

அதே புயலில் தன் பாய்மரத்தையும் இழந்திருந்த அயர்லாந்துப் போட்டியாளர் கிரெகர் மெக்கக்கின், அந்த நிலையிலும் அவரை நோக்கிப் படகைச் செலுத்தினார். அரக்கோணம் ராஜாளி தளத்தில் நிலைகொண்டுள்ள பி-8ஐ வகைக் கடற்படை விமானம் ஒன்று மொரீஷியஸிலிருந்து பறந்துவந்து துரியாவைக் கண்டது. மூன்றாம் நாள் ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் அபிலாஷைத் தூக்கி எடுத்தது. பிறகு அறுவை சிகிச்சை, டைட்டானியம் கம்பிகள், மறுபடி நடக்கப் பழகுதல். நான்கே ஆண்டில் அதே பந்தயத்துக்கு, பயானத் என்ற படகுடன் திரும்பியிருக்கிறார்.

இம்முறை பந்தயத்தின் இந்தக் கட்டத்தில் வேறொரு எதிரி ஓசையில்லாமல் வேலை செய்தது. கொட்டலசு ஒட்டிய படகு சுமை ஏற்றிய வண்டிபோல் இழுக்கும். பிரிட்டனின் கை வெயிட்ஸ் அதைச் சுரண்டக் கேப் டவுனில் நின்றார். அப்படியும் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டைக் கடக்க விதிக்கப்பட்ட ஜனவரி 31 கெடுவைத் தவறவிட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்காவின் ஜெரமி பாக்‌ஷா அதே காரணத்துக்காக ஹோபார்ட்டில் நின்று சிச்செஸ்டர் பிரிவுக்குப் போனார். கிர்ஸ்டன் நடுக்கடலில் தானே நீரில் இறங்கிச் சுரண்டினார்.

2023 பிப்ரவரி, முதல் வாரம்

பல வாரங்களாக முன்னிலையில் இருந்த பிரிட்டனின் சைமன் கர்வெனுக்கு ஹார்ன் முனை எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போது அவருடைய காற்றுச் சுக்கான் உடைந்தது. கடலில் சரிசெய்ய முடியாத உடைவு. சிலிக்குச் சென்று பழுதுபார்த்தார். சிச்செஸ்டர் பிரிவுக்கு இறங்கினார். இத்தனை நாள் எல்லோரையும்விடச் சிறப்பாக ஓட்டியவரை ஒரு உலோகத் துண்டு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்தப் பந்தயத்தின் மிகக் கொடிய தீர்ப்பு அவருக்குக் கிடைத்ததுதான்.

பிப்ரவரி 18, ஹார்ன் முனை

கிர்ஸ்டன் முன்னே கடந்துவிட்டார். இன்று அபிலாஷ் கடந்தார். அவருடைய காற்றுச் சுக்கானும் பலமுறை உடைந்தது. உதிரித் துடுப்புகள் தீர்ந்தபோது கழிவறைக் கதவை அறுத்துப் புதிய துடுப்பு செய்தார். பாய்கள் கிழிந்தன, உட்கார்ந்து தைத்தார். கருவி உடைந்தபோது கர்வெனுக்குக் கிடைக்காத மாற்றுவழி இவருக்குக் கிடைத்தது. அந்த வழியைக் கையால் செதுக்கி எடுத்த உழைப்பு முழுக்க இவருடையது.

மார்ச், அட்லான்டிக்

கிர்ஸ்டன் காற்றில்லாத நிலநடுக்கோட்டுப் பகுதியில் சிக்கினார். பின்னால் வந்த அபிலாஷுடனான இடைவெளி சுருங்கியது. 35 மணிநேர ஈடு முடிவைத் தீர்மானித்துவிடுமோ என்று கரையில் கணக்குப் போட்டார்கள். கிர்ஸ்டனுக்கோ தான் முன்னால் இருக்கிறோமா என்பதே தெரியாது.

ஏப்ரல் 10

தென் அட்லான்டிக்கில் பிரிட்டனின் இயன் ஹெர்பர்ட்-ஜோன்ஸின் படகைப் புயல் உருட்டிப் பாய்மரத்தை முறித்தது. மறுநாள் தைவான் மீன்பிடிக் கப்பல் ஒன்று அவரைக் காப்பாற்றியது.

ஏப்ரல் 27, லே சாப்ல் தொலோன்

கர்வென் காலையில் வந்து சேர்ந்தார். முடிவுக் கோட்டை முதலில் தொட்டவர் அவர், வெற்றியாளர் அவரல்ல. காற்று ஓய்ந்துவிட, மின்னிஹாஹா கரைக்கு அருகே மணிக்கணக்கில் மிதந்து, இரவில்தான் கோட்டைக் கடந்தது. வந்த பிறகே தான் வென்ற செய்தி கிர்ஸ்டனுக்குத் தெரிந்தது. ஈடு கழித்து 233 நாட்கள். உலகைச் சுற்றும் தனியாள் பாய்மரப் பந்தயத்தை வென்ற முதல் பெண் அவர்.

ஏப்ரல் 29

அபிலாஷ் 236 நாட்களில் இரண்டாவதாக வந்தார். இந்தப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த முதல் ஆசியர். கிர்ஸ்டனுக்குக் கொடுத்த 35 மணிநேரத்தை மொத்தமாக நீக்கினாலும் வரிசை மாறியிருக்காது. ஒருவரைக் காப்பாற்றத் திரும்பிய படகு, அந்த ஈடு இல்லாமலும் முதலில் வந்திருக்கிறது.

மே 12

ஆஸ்திரியாவின் மிக்கேல் குகென்பெர்கர் மூன்றாவதாக வந்தார். பதினாறு பேரில் பந்தயத்தை முழு விதிப்படி முடித்தவர்கள் இந்த மூவர் மட்டுமே. ஜெரமி பாக்‌ஷா இன்னும் அட்லான்டிக்கில், கொட்டலசு நீக்கிய படகில், வடக்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறார்.