தடுத்தவன் கணக்கு

செர்டாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரங்கள் நின்ற காலத்தில், வெயில் தாழ்ந்ததும் லயத்துப் பிள்ளைகள் திடலில் கூடிவிடுவார்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் எடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த இளைஞர்களும் சேர்ந்துகொள்வார்கள். வெறுங்கால்கள், நட்டுவைத்த இரண்டு கழிகளே கோல் கம்பம். முன்னால் நின்று பந்தை உதைக்க எல்லாரும் முந்துவர். கம்பங்களுக்கு நடுவே நிற்கத்தான் ஆள் கிடைக்காது. ஓட இயலாதவனோ, எதிர்த்துப் பேசத் தெரியாதவனோ ஒருவன் தலையில் அந்தப் பொறுப்பு விழும். அவன் பத்துப் பந்துகளைத் தடுத்தாலும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒன்றை விட்டுவிட்டாலோ, அன்றிரவு லயம் முழுவதும் அவன் பேச்சுத்தான்.

கோல் போட்டவன் கணக்குப் பலகையில் ஏறுகிறது. தடுத்தவன் கணக்கு எதில் ஏறுகிறது?

அமெரிக்கர் ஆடும் முட்டைவடிவப் பந்தாட்டத்திலும் இதே நிலைதான் இருந்தது. எதிரணியில் பந்தை வீசுபவன் அதை வீசுமுன்பே பாய்ந்து தரையில் சாய்ப்பது, முன்வரிசைத் தடுப்பாளரின் தலையாய வேலைகளுள் ஒன்று. அதில் பேரெடுத்தவர் டீக்கன் ஜோன்ஸ். 1961 முதல் 1974 வரை ஆடிய அவருக்கு 1980இல் அவ்விளையாட்டின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. ஆனால் அவ்வாறு சாய்த்ததை ஆட்டக்காரரின் பெயரில் லீக் எண்ணத் தொடங்கியது 1982இல்தான். அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலைக்கு அதிகாரபூர்வ ஏட்டில் ஓர் எண்கூட இல்லை.

மலேசியக் காற்பந்திலும் இந்தத் தடுக்கும் தொழிலைத் தமிழர் சிலர் தோளில் சுமந்தனர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், தற்காப்பு ஆட்டக்காரரான எம். சந்திரன். அக்குழு மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும், அமெரிக்காவை 3–0 என வென்று திரும்பியது.

அவருக்குப் பின் கோல் கம்பத்தடியில் வந்து நின்றார் ஆர். ஆறுமுகம். 1953இல் பிறந்த அவர் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக விளங்கினார். நீண்ட கைகள், கம்பத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாவும் உடல். 'ஸ்பைடர்மேன்' என்று இரசிகர்கள் அவரை அழைத்தனர். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977இலும் 1979இலும் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அந்தக் காலம் அவருடைய காலம். முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங் என்னும் இரு தற்காப்புத் தூண்கள், பின்னால் ஆறுமுகம். ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு தமிழர். அந்த மூவரையும் கடந்தால்தான் வலையைக் காண முடியும்.

1980 ஏப்ரல் 6ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதியாட்டம். தென்கொரியாவை மலேசியா 2–1 என வென்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்திய காட்சியை அக்கால இரசிகர் இன்றும் சொல்லி மகிழ்வர். அந்த ஒரு கோல் வெற்றியாக நிலைக்க வேண்டுமானால் மறுமுனையில் ஒருவர் காத்து நிற்க வேண்டுமே! அதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

மாஸ்கோவுக்குச் செல்லும் வழி திறந்தது. திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து, அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளோடு மலேசியாவும் சேர்ந்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. எத்தனையோ பந்துகளைத் தடுத்த கைகளால் இந்த ஒன்றைத் தடுக்க முடியவில்லை. அன்று அவருக்கு வயது இருபத்தேழு. அதன் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

1988 டிசம்பர் 18இல் சாலை விபத்தொன்று ஆறுமுகத்தின் உயிரைப் பறித்தது. முப்பத்தைந்து வயது, ஒரு கோல் காவலரின் அனுபவம் கனிந்து பிறருக்குக் கற்றுத்தரும் வயது. 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தில் முத்து என்னும் கோல் காவலரைக் கண்ட இளைய தலைமுறை, அப்பாத்திரத்தின் பின்னே ஓர் உண்மை மனிதர் இருந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்தது.

செர்டாங் வட்டாரத்தில் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை விட்டவர்கள் தாமான்களில் குடியேறிவிட்டார்கள். கழிகள் நட்ட திடல்களில் சில இன்று புல்லடர்ந்து கிடக்கின்றன. ஆயினும் மூத்தவர் சிலர் தேநீர்க் கடையில் பேச உட்கார்ந்தால், வானொலிப் பெட்டியருகே மூச்சடக்கிக் கேட்ட ஆட்டங்கள் திரும்ப வரும். அந்த நாள்களில், கம்பத்தடியில் நிறுத்தப்பட்ட பையன் ஒரு பந்தைத் தாவிப் பிடித்தால், "டேய், ஆறுமுகம்டா!" என்று யாரோ ஒருவர் குரல் கொடுப்பார். வேண்டாவெறுப்பாய் அங்கே நின்றவன் முதுகை நிமிர்த்துவான். மறுநாள் யாரும் சொல்லாமலே அந்த இடத்தில் போய் நிற்பான்.

தடுத்தவன் கணக்கு ஏறிய ஏடு அதுதான்.