மேகம் கேட்டு உட்கார்ந்திருந்தோம்

மே மாத வெயிலில் கோவை காயும்போதெல்லாம் கின்ராஸ் படகுத்துறையின் ஈரப்பலகை வாசம் எனக்கு நினைவில் வருகிறது. ஸ்காட்லாந்தில் வேலை பார்த்த காலத்தில், எங்கள் தூண்டில் சங்கத்தார் ஆண்டுக்கொருமுறை அந்தத் துறை இருக்கும் லாக் லீவனில் கூடுவோம். 'லாக்' என்றால் அங்கே ஏரி. காலையில் ஒரு தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். படகுக்கு இரண்டு பேர்.

கடைசி ஆண்டு எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தச்சர். நாங்கள் துறையை விட்டபோது தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது, நல்ல வெயில். டிரவுட் மீனுக்கு இமை கிடையாது. வெளிச்சம் கூசினால் ஆழத்துக்குப் போய்விடும். மேகம் மூடி, காற்று சிற்றலையைக் கிளப்பினால்தான் மேலே வரும். வெயிலுக்கு ஏங்குகிற ஊர் அது. நாங்கள் இருவரும் மேகம் கேட்டு உட்கார்ந்திருந்தோம். தச்சர் தூண்டில் கம்பைக் கீழே வைத்துவிட்டு பெனார்ட்டி மலைமேல் கண்ணை வைத்திருந்தார். மழைக்காக என் அப்பா கிணற்றுமேட்டில் நின்று மேற்கே பார்ப்பாரே, அதே பார்வை.

மேகம் வந்தது, கூடவே ஆலங்கட்டியும். கோட்டைத் தீவின் மறைவில் ஒதுங்கினோம். 1568 மே 2 அன்று ஸ்காட்லாந்தின் மேரி அரசி சிறையிலிருந்து படகேறித் தப்பியது அந்தக் கோட்டையிலிருந்துதான். விரல் மரத்துப்போய் பிளாஸ்க் மூடியைத் திறக்க முடியவில்லை. அவர்தான் திறந்து, முதல் தேநீரை எனக்கு ஊற்றினார்.

பிறகு சாம்பல் வானமும் இளங்காற்றும் சேர்ந்து அமைந்தன. படகைக் காற்றுக்குக் குறுக்காக நிறுத்தி, வேகம் குறைய ஒரு துணிக் குடையைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு மிதந்தோம். ஒரே நரம்பில் மூன்று ஈக்கள். எல்லாம் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈக்கள். மேல் ஈயை அலைமேல் துள்ளவிடச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது துள்ளலில் தண்ணீர் சுழித்தது.

வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளிகள். இந்த ஏரி மீனின் முட்டைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கா வரை போயிருக்கின்றன. போன இடத்தில் அவை நிலைத்தன. நான் திரும்பி வந்துவிட்டேன். முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருந்தேன். தெம்பு வந்ததும் அது வாலை உதறிப் போனது. அந்த உதறல் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

மாலைக்குள் வெயில், தூறல், வானவில், மறுபடி வெயில் எல்லாம் வந்துபோயின. நாளெல்லாம் நாங்கள் பேசியது நூறு வார்த்தை இருக்காது. அப்படி ஒருவரோடு பேசாமல் உட்கார்ந்து வானம் பார்க்க இங்கே எனக்கு யாரும் வாய்க்கவில்லை. கரையேறியதும், தானே கட்டிய ஒரு பிபியோ ஈயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். கறுப்பு உடம்பு, நடுவில் ஒரு சிவப்பு வளையம்.

ஸ்காட்லாந்தில் பிரவுன் டிரவுட் பிடிக்கும் பருவம் மார்ச் 15-இல் தொடங்கி அக்டோபர் 6-இல் முடிகிறது. புதுக் காலண்டர் வந்ததும் அந்த இரண்டு தேதிகளையும் இன்றுவரை வட்டமிட்டு வைக்கிறேன்.