முட்டுக்கட்டை போடுகிறவர்

ஆடிப்பூரத்தன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வருகிறவர்களின் கண் ஆண்டாள் மேல்தான் இருக்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? அவர் சரியாகச் செருகினால்தான் தேர் தெருமுனையில் திரும்பும். நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும்.

அரபிக்கடலில், மும்பையிலிருந்து சுமார் 160 கி.மீ. தள்ளி நிற்கும் 'மும்பை ஹை' எண்ணெய் மேடைகளிலும் அப்படி ஒருவர் உண்டு: ஹெலிகாப்டர் இறங்குதள அதிகாரி. கிரேன் நின்றுவிட்டதா, காற்றில் பறக்கக்கூடிய பொருள் ஏதும் தளத்தில் கிடக்கிறதா, தீயணைப்புக் குழு தயாரா என்று பார்த்து அவர் சொன்ன பிறகே ஹெலிகாப்டர் இறங்கும். இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு.

2022 ஜூன் 28-ல் அங்கே கடலில் விழுந்த ஹெலிகாப்டரில் இருந்த 9 பேரில் 4 பேர் உயிரிழந்தனர். நீரில் கவிழும் மாதிரிக் கேபினிலிருந்து வெளியேறவும் கோவாவின் பேதுலில் உள்ள ஓ.என்.ஜி.சி. மையத்தில் ஊழியர்கள் பழகுகிறார்கள்.