யானைக் கால்ல எண்ணெய்... திக்பாய் போலாமா?

பெட்ரோல் பங்க்ல நிக்கும்போது மீட்டர்ல ஓடுற ரூபாயைத்தானே பார்க்குறீங்க? இந்த லீவுக்கு எண்ணெய் ஊறுன ஒரு ஊரையே பார்த்துட்டு வாங்க. கோவை, சேலம் வழியா போகுற கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ்ல ஏறுங்க. மூணு நாள் ரயில் சாப்பாடுதான்... பொறுத்துக்குங்க! அசாம்ல நியூ தின்சுகியாவில் இறங்கினா, அங்கிருந்து 30 கி.மீ. சொச்சத்துல திக்பாய்.

தேயிலைத் தோட்டம், மழைக்காடு, நடுவுல ஒரு சுத்திகரிப்பு ஆலை. 1901-ல ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது. ஓடுற ஆலைகள்ல இந்தியாவிலேயே இதுதான் சீனியர்!

ரயில் பாதை வேலைக்கு மரம் இழுத்த யானையோட கால்ல எண்ணெய் ஒட்டியிருந்துச்சாம். அதைப் பார்த்த வெள்ளைக்காரர் 'டிக் பாய், டிக்!'னு கத்த, அதுவே ஊர்ப் பேராச்சாம். கதையோ, நிஜமோ... 1889-ல தோண்ட ஆரம்பிச்ச கிணறு இருந்த இடத்துல இப்போ மியூசியம் இருக்கு.

ஆயிரம் கிணறுக்கு மேல தோண்டின ஊர் இது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல தினமும் சுமார் 7,000 பீப்பாய் எடுத்தாங்க. போர் அவசரம்... வரைமுறை இல்லாம உறிஞ்சினதுல, போர் முடிஞ்சதுமே உற்பத்தி சரிய ஆரம்பிச்சுடுச்சு. இப்போ கிடைக்கிறது சொற்பம். ஆலைக்கான கச்சா எண்ணெய் வேற வயல்கள்ல இருந்துதான் வருது.

ஒண்ணு கவனிங்க. எண்ணெய் வயல் ஒருநாள் திடீர்னு காலியாகுறதில்லை. ஈர மணல்ல தண்ணி மாதிரி, எண்ணெய் பாறையோட நுண்துளைகள்ல இருக்கு. அழுத்தம் இருக்கும்வரை தானா மேல வரும். அப்புறம் தண்ணியோ, வாயுவோ செலுத்தித் தள்ளணும். செலவு ஏறும். பெரும்பாலான வயல்கள்ல பாதிக்கு மேல உள்ளேயே தங்கிடும்.

"அப்போ விலை ஏறினா எண்ணெய் தீருதுன்னு அர்த்தமா பாஸ்?"

அதான் இல்லை! 2020 ஏப்ரல்ல, கொரோனா நேரத்துல, அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே போச்சு. நம்ம பங்க்ல இறங்குச்சா? அடுத்த மாசமே மத்திய அரசு லிட்டருக்கு பெட்ரோல் மேல 10 ரூபாய், டீசல் மேல 13 ரூபாய் வரி ஏத்துச்சு. பூமிக்கடியில ஒரு சொட்டு கூடவும் இல்லை. நம்ம பில்லுல கச்சா விலை, டாலர் மதிப்பு, மத்திய-மாநில வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்திருக்கு. கிணத்துக் கணக்கு வேற, பில் கணக்கு வேற.

ரெண்டையும் குழப்பிக்கிட்டா என்னாகும்? ஏறினா கத்துவோம், இறங்கினா மறந்துட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவோம். ஆனா, நாம எரிக்கிறதுல 85 சதவிகிதத்துக்கும் மேல இறக்குமதி. எங்கேயோ ஒரு கடல்வழி அடைபட்டாலும் அடி நமக்குத்தான்.

திக்பாய் போனா, அந்த முதல் கிணத்துப் பக்கம் ரெண்டே நிமிஷம் நில்லுங்க. அந்த ஊர் தன்னோட உச்சத்துல ஒரு நாள் முழுக்கக் கொட்டின எண்ணெயை, இன்னிக்கு இந்தியா அந்த ரெண்டு நிமிஷத்துல குடிச்சு முடிச்சிருக்கும்!