பொல்லடியில் காலைக் கவனிப்பார் யார்?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பொல்லடியை அறியாதார் இலர். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆண்கள் வட்டமாக நின்று, ஆளுக்கு இரண்டு பொல்லுகளுடன், அண்ணாவியாரின் பாட்டுக்கு இசைய அடித்து ஆடுவர். பாட்டைப் பற்றியும் பொல்லைப் பற்றியும் எழுதுவோர் உளர். ஆடுபவனின் காலைப் பற்றி எழுதுவோரைத்தான் காணோம்.

ஸ்கொட்லாந்தின் கிராமிய நடனத்தைப் பற்றி வாசித்தபோதே எனக்கு இந்த எண்ணம் எழுந்தது. 1923இல் கிளாஸ்கோ நகரில் அதற்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. நிறுவியவர்களுள் ஒருவரான ஜீன் மில்லிகன் ஓர் உடற்பயிற்சி ஆசிரியை. அங்கும் அணிவகுப்புத்தான், சோடிதான். ஒருவர் பிசகினால் அணியே குலையும். முன்பாதத்தில் துள்ளித் துள்ளி ஆடுவதால் கெண்டைக்காலும் குதிகால் நாணும் எளிதில் காயப்படும். ஆகவே நல்ல ஆசிரியர்கள் உடலைச் சூடாக்காமல் எவரையும் துள்ள விடுவதில்லை. புதிய ஆட்டத்தை முதலில் நடந்தே பழக்குவர். முழங்காலைத் தளர்த்தி இறங்கச் சொல்வர்.

இது நமக்குப் புதிதன்று. பொல்லடி மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகமெடுப்பது அழகுக்காக மட்டுமே என்று நான் கருதவில்லை. முதற்பாட்டு உடலைச் சூடாக்குகிறது. கடற்கரை ஊரின் மணல் முற்றமோ துள்ளலின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. இன்று மேடையில் கிடைப்பது ஐந்தே நிமிடம். மெதுவான பகுதியை வெட்டிவிட்டு, சீமெந்துத் தரையில், எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் பிள்ளைகளை ஆட விடுகிறோம்.

கைக்கும் இதே கதைதான். பொல்லை இறுகப் பிடித்தால் அடியின் அதிர்ச்சியெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். வெடித்த பொல்லை எடுக்கவே கூடாது; சிராய் தெறித்துக் கண்ணில் படலாம்.

ஒத்திகை ஒன்றில் ஒரு பையன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைக் கண்டேன். "சும்மா சுளுக்கு" என்று எண்ணெய் தடவி, மறுநாளும் ஆட விட்டார்கள். யாரோ பின்னங்காலில் அடித்தாற்போல் 'சடக்'கென்று வலித்து, நுனிக்காலில் எழவும் இயலவில்லை என்றால் அது சுளுக்கன்று, நாண் அறுந்திருக்கக்கூடும். தடவுவதை விட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் பையன் பிறகு ஆட வரவேயில்லை. அவனுக்கு எதிரே நின்று அடித்தவனையும் அண்ணாவியார் வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. சோடி இல்லாமல் அவன் யாருடைய பொல்லில் அடிப்பான்?